மதில்மேல் நின்று கண்ட கடல்

வட்டக்கோட்டை என்னும் பெயரைக் கேட்டு வருவோர் அங்கே ஒரு வட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே அடைவர். கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் ஒரு பக்கத்தை நீட்டி நிற்கும் அக்கருங்கல் கோட்டை நான்கு பக்கங்களை உடையது. பரப்பு சற்றொப்ப மூன்றரை ஏக்கர். மதிலின் உயரம் ஏறக்குறைய 25 அடி. வட்டமல்லாத ஒன்று வட்டம் என்று வழங்கப்பெறுவதால் எவருக்கும் இழப்பில்லை. ஆனால் அம்மதில்மேல் ஏறி நிற்கும் பயணியர் எதிரே விரியும் நீர்ப்பரப்புக்கு இடுகின்ற பெயர்களின் கதை வேறு. ஒரு கடலுக்குப் பெயரிடுகிறவர் எங்கே நின்றுகொண்டு பெயரிடுகிறார் என்னும் வினாவை அது எழுப்புகின்றது. தமிழிலக்கியம் கடலை எழுதிய வகையை மதிப்பிடுவதற்கும் இவ்வினாவே பொருத்தமான அளவுகோல் என நமக்குத் தோன்றுகிறது.

முதலில் கோட்டையை நோக்குவோம். 1741 ஆகஸ்டு மாதம் குளச்சலில் நடந்த போரில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, கடல்வழி வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. சிறைப்பட்ட டி லனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்து அதன் தலைமைக்கு உயர்ந்தார். புனித தேவசகாயத்தின் வரலாற்றோடு பிணைந்த பெயராதலின் அவரை நம் வாசகர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவருடைய மேற்பார்வையில் உருப்பெற்ற கோட்டைகளுள் வட்டக்கோட்டையும் ஒன்று. கடல்வழியே வந்து தோற்ற ஒருவர், கடலை நோக்கி ஒரு மதிலை எழுப்பினார். மதில் என்பது பகைவன் வரக்கூடிய திக்கைப் பார்த்துக் கட்டப்படுவது. எனவே மதிலின் பார்வையில் கடல் ஒரு திக்கு. என்ன வருமோ என்று விழித்திருந்து காக்க வேண்டிய எல்லை. அக்காலத்திலும் இக்கரையிலிருந்து விடியுமுன் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு அதே நீருக்குள் சென்றோர் இருந்தனர். அவர்களுக்குக் கடல் என்பது போய் உழைத்துத் திரும்பும் இடம். கடற்கரை மக்கள் கட்டுமரத்தை 'மரம்' என்றே சொல்வர். ஆகவே ஒன்றை மதிலின் பார்வை என்றும், மற்றதை மரத்தின் பார்வை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இனி, மதிலிலிருந்து தெரியும் நீர் எது? வழக்கமான விடை நாம் அனைவரும் பள்ளியில் பயின்றதே. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே அரபிக்கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல். மூன்றும் கூடுமிடம் குமரி. ஆனால் உலகக் கடல்களின் எல்லைகளை வகுத்து, சர்வதேச நீரியல் அமைப்பு 1953-இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கிறது. அந்நூலின்படி வங்காள விரிகுடாவின் எல்லை, ஆதாம் பாலத்துக்கும் இலங்கையின் தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனைக்கும் அப்பால்தான் தொடங்குகிறது. அரபிக்கடலோ இலட்சத்தீவுகளுக்கும் மாலத்தீவுகளுக்கும் மேற்கே ஒதுங்கிவிடுகிறது. இடைப்பட்ட நீர் முழுவதும் இலட்சத்தீவுக் கடல். குமரிமுனையின் இருபக்கமும் அந்த ஒரே கடலைச் சேர்ந்தவை. வட்டக்கோட்டை நேரே நோக்கியிருக்கும் மன்னார் வளைகுடாவும் அதனுள்ளேயே அடங்குகிறது. ஆக, வரைபட வல்லுநரின் கணக்கில் அங்கே முக்கடல் இல்லை.

அப்படியாயின் 'முக்கடல் சங்கமம்' வெறும் கட்டுக்கதையா? அவ்வாறு தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் குமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே பெருநீரோட்டம் கிழக்கு நோக்கிச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் அது திரும்பி மேற்கு நோக்கி ஓடுகிறது. ஓராண்டுக்குள் மேற்கின் நீர் கிழக்கையும், கிழக்கின் நீர் மேற்கையும் சென்றடைகின்றன. கலப்பு உண்மைதான், அது ஓரிடத்தில் கோடு கிழித்துக் காட்டக்கூடியதாக இல்லை, பருவங்களில் நிகழ்கிறது. கடலோடிகள் இவ்வோட்டத்தை 'நீவாடு' என்கின்றனர். இன்று நீவாடு எத்திசை, எவ்வளவு வேகம் என்பதறியாமல் வலையிறக்குவோர் எவருமில்லை. பயணிக்கு மூன்று பெயர்கள் போதும். வரைபடத்துக்கு ஒரு பெயர் போதும். அங்கே உழைப்பவருக்கோ அந்நாளின் நீவாடு வேண்டும்.

பெயர்கள் நிற்குமிடத்தைப் பொறுத்து மாறுவதற்கு இதே வளைகுடா பழைய சான்று ஒன்றும் தருகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி இதனைக் கொற்கையின் பெயரால் குறித்தார். முத்துக்காக வந்தவர்களுக்கு முத்துச்சந்தையின் பெயரே வளைகுடாவின் பெயராயிற்று. கொற்கைத் துறை மணலால் தூர்ந்தபின், எதிர்க்கரையிலிருக்கும் மன்னாரின் பெயர் நிலைத்தது. திருநூலிலும் இத்தகைய ஓர் இடம் உண்டு. கலிலேயாவிலுள்ள நீர்நிலை ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி. மாற்கும் மத்தேயுவும் அதைக் கடல் என்றே எழுதுகின்றனர். லூக்கா மட்டும் கெனசரேத்து ஏரி என்கிறார். உரோமை நோக்கிய பவுலின் கப்பற்பயணத்தையும், அதன் சேதத்தையும் திருத்தூதர் பணிகளில் விவரித்தவர் அவர். பெருங்கடல் எத்தகையது என்பதறிந்த எழுத்து அவருடையது. ஆனால் பேதுருவும் அந்திரேயாவும் இரவெல்லாம் வலைவீசியது அந்நீரில்தான். அவர்களுக்கு அது கடலே. இருவர் சொல்லும் பொய்யில்லை. ஒருவர் பரப்பை அளந்தார். மற்றவர் அதில் வாழ்ந்தார்.

இவ்வளவும் சொன்னது இலக்கியத்தை நோக்கித் திரும்புவதற்காகவே. தமிழில் கடலைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவ்வெழுத்து மதிலின்மேல் நின்றதா, மரத்தின்மேல் நின்றதா?

தொடக்கம் நெய்தல். ஐந்திணைகளுள் ஒன்றைக் கடற்கரைக்கென ஒதுக்கியது தமிழரின் பெருமை என நாம் மேடைதோறும் பேசுகிறோம், பேசுவதும் தகும். ஐங்குறுநூற்றில் நெய்தலைப் பாடிய அம்மூவனார் முதலானோர் கடற்கரையை நுணுகிக் கண்டவர்கள். ஆயினும் நெய்தலுக்கு வகுக்கப்பட்ட உரிப்பொருள் இரங்கல். பாட்டில் பேசும் தலைவியும் தோழியும் புன்னை நிழலிலோ கானலிலோ நிற்கின்றனர். வலையைக் கிழிக்கும் சுறாவும், இரவில் திமில்களில் எரியும் விளக்குகளும் இடம்பெறாமல் இல்லை. எனினும் அவை கரையிலிருந்து காணும் தொலைவிலேயே பெரிதும் நிற்கின்றன. காத்திருப்போரின் நெஞ்சுக்குக் கடல் ஒரு கண்ணாடியாகிறது. இதைக் குறையெனச் சொல்ல மாட்டோம். அகப்பாட்டின் நோக்கம் அதுவே. ஆனால் பின்வந்த எழுத்தாளர் பலருக்குக் கடலைக் காண அந்த ஒரு வழியே தெரிந்திருந்தது என்பதுதான் குறை.

அவ்வழி எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்பதற்குத் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' தக்க எடுத்துக்காட்டு. 1956-இல் மலையாளத்தில் வெளிவந்து, மறு ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு பெற்ற நாவல் அது. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழரையும் வந்தடைந்தது. 1965-இல் ராமு காரியாட்டின் இயக்கத்தில் திரைப்படமாகி நாடெங்கும் புகழ்பெற்றது. கரையிலிருக்கும் மனைவியின் கற்பே கடலில் இருக்கும் கணவனைக் காக்கிறது. அவள் தவறினால் கடலன்னை அவனைக் கொள்வாள் என்னும் நம்பிக்கைமீது அக்கதை கட்டப்பட்டுள்ளது. தகழியின் கதைசொல்லும் ஆற்றலை மறுப்பார் இல்லை. கறுத்தம்மாவின் துயரம் நம்மையும் உலுக்குகிறது. ஆனால் முடிவில் கதை அந்நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்துவதற்குப் பதிலாக, அதற்குச் சான்று கூறுவதுபோல் நின்றுவிடுகிறது. காற்றும் நீவாடும் உடைய கடல் மறைந்து, தண்டனை வழங்கும் ஒரு நீதியாசனம் அங்கே எழுகிறது.

இது இலக்கியச் சுவை பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமாயின் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டோம். கடலில் ஆண் மாண்டால் கரையில் பெண்ணின் ஒழுக்கத்தைத் துருவும் வழக்கத்துக்கு இத்தகைய கதைகள் அழகு சேர்க்கின்றன. கணவனை இழந்தவள் அந்த இழப்போடு ஒரு பழியையும் சுமக்க நேர்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து மடிந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று ஆண்டவரே கேட்டு, அவ்வாறில்லை என மறுத்ததை லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விபத்தைத் தீர்ப்பாக வாசிக்கும் மனத்தை அவர் ஏற்கவில்லை. கடலை உள்ளிருந்து அறிந்த எவரும், புயல் ஒருவரது குடும்ப ஒழுக்கத்தை விசாரித்துவிட்டு வருவதாக நினைக்க இடமில்லை. தொலைவில் நின்று பார்ப்பவருக்கே கடல் நீதிபதியாகத் தெரியும்.

அடுத்து, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-இல் வெளிவந்த இச்சிறு நாவலின் களம் மணப்பாடு. வட்டக்கோட்டை நோக்கும் அதே மன்னார் வளைகுடாவின் கரை. மாந்தர் நம் மக்கள். லாஞ்சுகள் வந்தபோது வல்லங்களை நம்பியிருந்தோர் அடைந்த கலக்கம் கதையின் பின்புலத்தில் ஓடுகிறது. பிலோமியின் உள்ளம் விரிவடையும் விதம் தமிழ் நாவலுலகில் அரியதொன்று. தன்னைக் கைவிட்டவன்மீதும் கசப்பில்லாமல் அன்பு செலுத்த அவள் கற்றுக்கொள்வதை, உபதேச வாடை சிறிதுமின்றி ஆசிரியர் காட்டுகிறார். மன்னிப்பைப் பற்றி மறையுரை ஆற்றுவோர் ஒருமுறையேனும் படிக்க வேண்டிய நூல் அது. எனினும் தலைப்பு உண்மையைச் சொல்லிவிடுகிறது: இது கடல்புரத்தின் கதை. கடலுக்குள் கதை நெடுநேரம் தங்குவதில்லை. தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வந்தது. அதுவும் தலைப்பில் நாணயமானது. மேற்குக் கரையிலுள்ள தேங்காய்ப்பட்டினத்து முஸ்லிம் சமூகத்தில் வேரூன்றிய பழம்பிரபுத்துவத்தின் வீழ்ச்சியே அதன் பொருள். கடல் ஊரின் ஓர் ஓரமாக இருக்கிறது. இவ்விரு நூல்களும் கரையில் நின்றுகொண்டு, கரையைப் பற்றியே பேசிச் சிறந்தவை. மதிலின் பார்வையை நேர்மையாகப் பயன்படுத்தினால் எவ்வளவு காணலாம் என்பதற்கு அவை சான்று.

மரத்தின் பார்வை தமிழ் நாவலில் முழு வீச்சுடன் வந்தது, நாம் அறிந்தவரை, ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' நூலில்தான். 2004-இல் வெளிவந்தது. ஆசிரியர் உவரியில் பிறந்தவர். வட்டக்கோட்டையிலிருந்து வடகிழக்காகக் கரையோரமே சென்றால் அவ்வூரை அடையலாம். ஆமந்துறை என்னும் கற்பனையூரின் அரைநூற்றாண்டு வாழ்வை அவர் எழுதுகிறார். கதையின் நடுநரம்பாக இருப்பது, கடலில் சிக்கித் தத்தளிக்கும் மூவரின் போராட்டம். கோத்திராப்பிள்ளையும் சூசையும் சிலுவையும் கரை தெரியாத நீரில் கிடக்க, அவர்களுடைய ஊரின் வரலாறு இடையிடையே விரிகிறது. அதாவது, கதை கரையிலிருந்து கடலைப் பார்க்கவில்லை. கடலிலிருந்து கரையைப் பார்க்கிறது. இந்த இடமாற்றமே நூலின் முதற்பெரும் சாதனை என்போம்.

இதனால் விளைந்தது என்ன? இந்நூலில் நீருக்கு உள்ளமைப்பு உண்டு. காற்றுக்குத் திசைதோறும் பெயர் உண்டு. நீவாட்டுக்கு வகைகள் உண்டு. மீனுக்கு மீன் வேட்டை வேறுபடுகிறது. இவை அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்ட தகவல்களாக இல்லை. ஒருவன் பிழைப்பதும் மடிவதும் இவற்றை அறிவதில் தங்கியிருப்பதால், ஒவ்வொரு சொல்லும் கதையின் எடையைத் தாங்குகிறது. கடல் இங்கே தண்டிப்பதில்லை, அருள்புரிவதுமில்லை. அருளும் தியாகமும் மனிதரிடமிருந்தே வருகின்றன. இளையவன் பிழைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் தம்மைக் கையளிக்கும் பகுதியை நாம் வாசித்தபோது, அதற்கு விளக்கவுரை எழுத நமக்குக் கை வரவில்லை. கடலை நீதியாசனத்திலிருந்து இறக்கியதால்தான் மனித அன்பு இவ்வளவு உயரமாக எழுந்து நிற்க முடிந்தது.

குறைகளும் உள. பாத்திரங்கள் மிகுதி, தலைமுறைகளின் உறவுமுறையை வாசகர் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வரலாற்றுச் செய்திகள் சில இடங்களில் கதையோடு ஒட்டாமல் நிற்கின்றன. கடற்காட்சிகளில் வாய்க்கும் செறிவு, கரைக்கு வந்ததும் தளர்கிறது. பெண்களின் உள்ளத்தைப் பொறுத்தவரை, பிலோமியைப் படைத்த வண்ணநிலவனின் நுண்மை இங்கே குறைவே. மரத்தில் நிற்பவர் காணாத ஒன்றைக் கரையில் காத்திருப்பவர் காண்கிறார் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். குருக்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் இந்நூலில் இருப்பதால் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. அதே நூலில் மக்களோடு மக்களாக வாழ்ந்த காகு சாமியாரும் இருக்கிறார். குறை கூறப்பட்டவர்கள் நாம் என்பதற்காக ஒரு நல்ல நூலை ஒதுக்கினால், அது கூறிய குறையை நாமே மெய்ப்பித்தவர்களாவோம். 2009-இல் வந்த இவருடைய 'கொற்கை'க்கு 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஆயினும் கடலை அறிய விரும்புவோர் முந்தைய நூலிலிருந்தே தொடங்குதல் நன்று.

இவ்வேறுபாடு நூலகத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கடந்ததை நம் மாவட்டத்தார் மறந்திலர். தாழ்வுமண்டலம் மிகக் குறுகிய நேரத்தில் புயலாக வலுத்தது. தங்கல் தொழிலுக்காகப் பல நாள்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றிருந்தவர்களைக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லி, அவ்வாண்டு டிசம்பரில் கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் அமர்ந்தனர். தம் படகுகளிலேயே தேடப் புறப்பட்டோரும் உண்டு. எங்கே தேட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கண்ணுக்கு அந்நீர் வெறும் நீலமாக இருக்கவில்லை. அண்ணன் எந்த இடத்தில் தூண்டிலிடுவான், அப்போதைய ஓட்டத்தில் படகு எப்பக்கம் ஒதுங்கும் என்று எண்ணிப் பார்க்கத்தக்க ஊராகவே இருந்தது. கடலைத் திக்காக மட்டும் பார்த்துப் பழகிய நாடு அந்த அறிவுக்குச் செவிகொடுக்கக் காலம் தாழ்ந்தது.

குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்று வரைபடங்கள் குறிக்கும் மீன்வளம் மிக்க கடலடி மேட்டுக்கும் இது பொருந்தும். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டில் அதன்மீது இந்தியாவின் இறையுரிமை ஏற்கப்பட்டது. கச்சத்தீவைப் பற்றிப் பேசாத தமிழர் இல்லை. இம்மேட்டின் பெயரைக் கேட்டிருப்போர் கடற்கரைக்கு வெளியே மிகச் சிலரே. தீவு மதிலிலிருந்து தெரியும்வகை நிலம். நீருக்கடியிலுள்ள மேடு, அதில் தொழில் செய்வோருக்கே தெரியும் நிலம். இலக்கியத்தில் இடம்பெறாத இடம் பொதுநினைவிலும் இடம்பெறுவதில்லை. அப்படிப்பட்ட இடத்தைக் குறித்து யார் எந்த முடிவெடுத்தாலும் நாட்டின் பிற பகுதியார் அறியாமலே போகலாம்.

விவிலியமும் பெரும்பாலும் நிலத்தவரின் நூலே என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். சாலமோனின் கப்பல்களுக்கே தீர் நாட்டு ஈராமின் மாலுமிகள் துணை வேண்டியிருந்தது. எபிரேயருக்குக் கடல் அச்சத்தின் உருவம். ஆதலால்தான் திருவெளிப்பாட்டின் 21-ஆம் அதிகாரம் காட்டும் புதிய உலகில் கடல் இல்லை. இப்பகுதி கடற்கரை ஆலயங்களில் வாசிக்கப்படும்போது, கடலே இல்லாத ஒரு விண்ணகத்தில் தமக்கென்ன வேலை என்று வலைஞர் எண்ணினால் வியப்பில்லை. அவர்களுக்கு 107-ஆம் திருப்பாடலையும் சேர்த்துக் கொடுப்பது நம் கடமை. கப்பலேறித் தொழில் செய்வோர் அலையின் உச்சிக்கும் பள்ளத்துக்குமாக அலைப்புண்டு, விரும்பிய துறையை அடைவதை அது பாடுகிறது. விவிலியத்துக்குள்ளும் மதிலும் உண்டு, மரமும் உண்டு. ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுக் கடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

ஆகவே கடலைப் பற்றி வரும் நூல்களை இனி வாசிக்கையில் நம் வாசகர் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருப்பார்களாக: இந்நூலில் நீர் ஓர் இடமாக இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவரின் மனநிலைக்குத் திரைச்சீலையா? வறீதையா கான்ஸ்தந்தின், குறும்பனை சி. பெர்லின் முதலியோர் இம்மாவட்டக் கடற்கரையிலிருந்தே எழுதி வருகின்றனர். அவர்களுடைய நூல்கள் நம் பங்கு நூலகங்களில் இருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். அதனினும் முதன்மையான வேலை ஒன்றுண்டு. ஆலயக் கோபுரத்தையும் மலைமுகட்டையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து நடுக்கடலில் தம் இடத்தைக் கண்டறிந்த முதியவர்கள் இன்றும் ஊர்தோறும் சிலர் இருக்கின்றனர். கருவியின் திரையில் எண்களைப் பார்த்துத் தொழில் செய்யும் பேரன்மாருக்குக் கடலடிப் பாறைகளின் பழம்பெயர்கள் தேவைப்படுவதில்லை. அப்பெயர்களையும் காற்றின், நீவாட்டின் சொற்களையும் கேட்டு எழுதிவைக்கப் படித்த இளைஞரும் ஆசிரியைகளும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு குறிப்பேடும் பொறுமையுமே அதற்கான முதலீடு.

வட்டக்கோட்டை மதில்மேல் மாலைக்காற்று வாங்கச் செல்வதைத் தவிர்க்கச் சொல்லவில்லை. அழகிய இடம், ஒருபுறம் கடலும் மறுபுறம் மலைத்தொடரும் கண்ணுக்கு விருந்து. கூட்டிச்சென்ற குழந்தைகள் அங்கே எத்தனை கடல்கள் என்று கேட்டால், உடனே விடை சொல்லாமல், அருகிலுள்ள சின்னமுட்டம் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று, கரையேறும் ஒருவரிடம் அவர்களையே கேட்கச் செய்யலாம்.